மனைப்பிரிவு நிலத்து மண் எங்கே போகிறது? மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டு விதிகள்: ஓர் அறிமுகம்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு தரிசு நிலம் மனைப்பிரிவாகும்போது முதலில் வந்து நிற்பது ஜேசிபி. உடைமரமும் புல்பூண்டும் வேரோடு வாரப்படுகின்றன, மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பப்படுகிறது, சரள் கொட்டிச் சாலைக்கு உருவம் கொடுக்கப்படுகிறது, எல்லைக்கல் நடப்படுகிறது. அதற்குப் பிறகு மனைகள் விற்று, வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வீடு கட்டி முடிக்கும்வரை, சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், அந்த நிலம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டு விதிகள் எனப்படுபவை இந்த இடைக்காலத்துக்காக எழுதப்படுபவை. நிலத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், சாலை எத்தனை அடி விட வேண்டும் என்பதெல்லாம் வேறு விதிகளின் பாடு. இவ்விதிகளின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வேலை தொடங்கிய நாள் முதல் முடியும் நாள் வரை, உங்கள் நிலத்து மண் உங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கிறதா?

இக்கேள்விக்கு இரண்டு பாதிகள் உண்டு. மண் தன் இடத்தைவிட்டுப் பெயர்வது அரிப்பு. பெயர்ந்த மண் தண்ணீரோடு போய் வேறோர் இடத்தில் படிவது வண்டல். அரிப்பினால் நட்டப்படுபவர் பெரும்பாலும் நிலத்துக்காரர். வண்டலினால் நட்டப்படுபவர்களோ கீழே இருக்கும் குளத்துப் பாசனக்காரர்களும், வடிகால் அடைத்துத் தண்ணீர் புகுந்த தெருக்காரர்களும் ஆவர். தன் நிலத்து மண் போனால் தனக்குத்தானே நட்டம், அதற்கு அரசாங்கம் எதற்கு விதி போட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டாம் பாதியே பதில்.

மண் எப்படிப் பெயர்கிறது என்பதை அறியாமல் விதிகளைப் படித்தால் அவை வெறும் கெடுபிடியாகத் தோன்றும். கனத்த மழைத்துளி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. புல்லோ சருகோ மூடியிருந்தால் அந்த வேகம் அங்கேயே செத்துவிடும். வெறுமண்ணில் விழுந்தால் மண்கட்டி சிதறி, நுண்துகள்கள் தெறித்து, மேற்பரப்பின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. அதன்பின் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடத் தொடங்குகிறது. முதலில் தகடுபோலப் பரவி ஓடும் நீர், சிறிது தூரம் சென்றதும் விரல்தடிமன் ஓடைகளாகச் சேர்கிறது. சரிவு நீளமாக இருந்தால் அவையே ஆளிறங்கும் பள்ளங்களாகின்றன. ஜேசிபியும் டிப்பரும் ஓடி இறுகிய தரையில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

எவ்வளவு மண் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அளவு பிடிபடும். ஓர் ஏக்கர் நிலத்தில் வெறும் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மண் கழுவப்பட்டால், அது சுமார் 4 கன மீட்டர், நூறு கன அடியை ஒரு யூனிட் என்னும் நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததை யாரும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்றரை யூனிட் மண்ணை ஒருவர் டிப்பரில் கொண்டுவந்து கால்வாயில் கொட்டினால் ஊரே கூடிவிடும்.

கழுவப்பட்ட மண் அடுத்து எங்கே போகும் என்பதில்தான் இந்தச் சீமைக்கென்று ஒரு தனிக் கவலை இருக்கிறது. இங்கே குளங்கள் தனித்தனியாக இல்லை. மேட்டுக் குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த குளம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் வழியே நிரம்பும் குளங்களானாலும், மழையை மட்டுமே நம்பிய மானாவாரிக் குளங்களானாலும், அமைப்பு பெரும்பாலும் இதுவே. ஆகவே ஒரு மனைப்பிரிவிலிருந்து வெளியேறும் வண்டல் முதல் குளத்தின் வாயில் மேடிட்டுத் தண்ணீர் வரத்தைத் தடுப்பதோடு நிற்பதில்லை. கலங்கலாக மிதக்கும் நுண்களி மறுகால் வழியே அடுத்தடுத்த குளங்களுக்கும் போகிறது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தில் சேர்ந்துபோன மண்ணைத் தூர்வார 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு சென்றதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மண் பல்லாண்டுகளாகப் பல வழிகளில் வந்து சேர்ந்தது. அதை மனைப்பிரிவுகள் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் சேர்ந்த மண்ணை அள்ளுவது எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு அது போதிய சான்று.

விதிகளின் உள்ளே நுழையும் முன் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் கால் பங்கு உங்கள் மனையின் மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேலே இடைத்துகள் சில மணி நேரத்தில் படியும். களிமண் மட்டும் மறுநாள் காலையிலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணில் இதை நன்றாகப் பார்க்கலாம். நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துகள், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள களித்துகளுக்கோ ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். ஓடும் தண்ணீர் இரண்டு வாரம் யாருக்காகவும் நிற்காது. எனவே பெயர்ந்த மண்ணைப் பிடிப்பது கடினம், பெயராமல் காப்பது எளிது. இந்தத் துறையின் நல்ல விதிகள் அனைத்தும், நாடு எதுவாக இருந்தாலும், இந்த ஒரு முடிவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

இத்தகைய விதிகள் உள்ளூர் அளவில் முறையாக வளர்ந்த இடம் அமெரிக்கா. வட கரோலினா மாநிலம் 1973இலும் நியூ ஜெர்சி மாநிலம் 1975இலும் இதற்கென்றே சட்டம் இயற்றின. நியூ ஜெர்சியில் 5,000 சதுர அடிக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் பதினொன்றரை சென்ட்டுக்கு மேல், மண்ணைக் கிளறும் வேலைக்கு முன்கூட்டியே மண்பாதுகாப்புத் திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். மிச்சிகனில் ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட வேலை என்றாலோ, ஏரி அல்லது ஓடையிலிருந்து 500 அடிக்குள் நடக்கும் வேலை என்றாலோ அனுமதி தேவை. இவற்றுக்கு மேலே, தூய நீர்ச் சட்டத்தின் கீழ், ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறும் கட்டுமானங்களுக்கு 2003 முதல் நாடு முழுவதும் அனுமதி கட்டாயமாகியுள்ளது.

அந்த விதிகளில் நாம் கவனிக்க வேண்டியவை நாட்கணக்குகள். ஒரு பகுதியில் வேலை நின்றால், அது சிறிய பணியிடமாயின் 14 நாட்களுக்குள் அந்தப் பகுதியைப் புல்லாலோ சருகாலோ பாயாலோ மூடிவிட வேண்டும். பெரிய இடங்களுக்கு மத்திய அனுமதி 7 நாட்களே தருகிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை பணியிடத்தைச் சுற்றிப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அல்லது பதினான்கு நாளுக்கு ஒருமுறையும், கால் அங்குலம் மழை பெய்தால் அதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். கால் அங்குலம் என்பது 6 மில்லிமீட்டர். நம் ஊரில் அதைத் தூறல் என்று சொல்லிக் குடை எடுக்காமலே போவோர் உண்டு.

திட்டம் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஒரு வரைபடத்தில், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து நிலத்துக்குள் வருகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது, எந்தப் பகுதி முதலில் கிளறப்படும், எது கடைசியில், ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே எந்தத் தடுப்பு நிற்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார் என்று குறித்தால் அதுவே திட்டம். அதில் முதன்மையானது வரிசை. மேட்டிலிருந்து வரும் தண்ணீரைப் பணியிடத்துக்குள் விடாமல் சுற்றித் திருப்பும் வாய்க்காலும், தாழ்ந்த மூலையில் வண்டல் தேக்கக் குழியும், வண்டி வந்துபோகும் வாயிலும் முதலில். நிலத்தை வாருவது அதற்குப் பிறகு. இருபது ஏக்கர் மனைப்பிரிவு என்றால் இருபதையும் ஒரே வாரத்தில் வாரி வைப்பது பார்ப்பவர் கண்ணுக்கு வேலை நடப்பதாகத் தோன்றுமே ஒழிய, மழை வந்தால் இருபது ஏக்கரும் ஒருசேர ஓடும். ஐந்தைந்து ஏக்கராக எடுத்து, ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பதே விதிகள் கேட்கும் முறை. என் கணிப்பில், கருவிகள் எதையும் வாங்காமல் வரிசையை மட்டும் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கருவிகளில் அதிகம் பயன்படுவதும் அதிகம் பாழாவதும் வண்டல் தடுப்புத் துணிவேலி. தண்ணீர் மெல்லக் கசியும் துணியைக் கம்புகளில் கட்டித் தாழ்வான எல்லையில் நிறுத்துவதுதான் அது. பின்னால் தண்ணீர் தேங்கி நின்று, மண் படிந்து, தெளிந்த நீர் கசிய வேண்டும். இதற்கு அரையடி ஆழப் பள்ளம் வெட்டி, துணியின் அடிப்பகுதியை அதற்குள் மடக்கி வைத்து, மண்ணிட்டு மிதித்து இறுக்க வேண்டும். நம் பக்கம் பணியிடங்களில் காணும் பச்சை வலையைச் சவுக்குக் கம்பில் கட்டித் தரையைத் தொடுமளவுக்குத் தொங்கவிட்டால், தண்ணீர் அடியில் புகுந்து மண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த வலையின் கண்களும் வண்டலுக்கு அகலக் கதவுகள். வேலி ஒரே மட்டத்தில் போக வேண்டும், இரு முனைகளும் மேட்டுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், நூறடி வேலிக்குக் கால் ஏக்கருக்கு மேல் தண்ணீர் வரக் கூடாது, வேலியின் பாதி உயரத்துக்கு மண் சேரும் முன்பே அள்ளிவிட வேண்டும். ஓடைக்குக் குறுக்கே இவ்வேலியை நிறுத்துவது வீண். முதல் வெள்ளத்திலேயே கம்போடு போகும்.

வெறுமண்ணை மூடுவதற்கு அமெரிக்கக் கையேடுகள் வைக்கோல் பரப்பச் சொல்கின்றன. மாட்டுத் தீவனத்துக்கே வைக்கோல் தேடும் நாட்டில் அதை மனையில் பரப்பினால் பார்ப்பவர் திட்டாமல் போக மாட்டார். நமக்குத் தென்னை மட்டையும், கயிற்றுப் பாயும், வெட்டிய உடைமரக் கிளைகளும், வெட்டு மேட்டில் வெட்டிவேரும், சமதரையில் அருகம்புல்லும் இருக்கின்றன. வேலையே நடக்காத ஓரங்களில் இருக்கும் புல்லை வாராமல் விடுவது இவை எல்லாவற்றையும்விட மலிவு. வண்டி வெளியேறும் வாயிலில் ஒன்றரை அங்குல ஜல்லியை ஐம்பதடி நீளத்துக்குப் பரப்பினால் டயரில் ஒட்டிய சேறு அங்கேயே உதிர்ந்து, தார்ச்சாலைக்கும் அதன் வழியே சாக்கடைக்கும் போகாது.

தேக்கக் குழியின் அளவுக்கு அமெரிக்க மத்திய விதி தரும் ஒரு கணக்கு, தண்ணீர் வரும் ஒவ்வோர் ஏக்கருக்கும் 3,600 கன அடி, அதாவது சுமார் ஒரு லட்சம் லிட்டர். இது ஏக்கர் முழுவதிலிருந்தும் ஓர் அங்குலத் தண்ணீர் ஓடிவந்தால் பிடிக்கும் அளவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதுபோன்ற மழைக்கு எந்தக் குழியும் ஈடுகொடுக்காது. அப்படி ஈடுகொடுக்கும் என்று விதிகளும் சொல்வதில்லை. ஆண்டுதோறும் பலமுறை வரும் சாதாரணக் கனமழையில் மெல்ல மெல்லப் போகும் மண்ணைப் பிடிப்பதே அவற்றின் நோக்கம்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் ஒரே விதித்தொகுப்பாக எதையும் காட்ட முடியாது. துண்டுதுண்டாகப் பல இடங்களில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுத் திட்டங்கள் சட்டம் மண்ணரிப்பைப் பேசுகிறது, ஆனால் அதன் மனத்தில் இருப்பது விளைநிலம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் மனைப்பிரிவின் சாலை, பூங்கா நிலம், மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றைப் பார்க்கின்றன. நீர்நிலையை ஒட்டிய இடமானால் தண்ணீர் தேங்குமா என்று நீர்வளத்துறையின் கருத்தும் கேட்கப்படும். 2007ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் குளத்தின் எல்லையைக் காக்கிறது. எல்லைக்கு வெளியே இருந்து தண்ணீரோடு வரும் மண் அதன் கண்ணில் படுவதில்லை. கட்டுமானக் கழிவை சாலையிலும் வடிகாலிலும் கொட்டக் கூடாது, தன் இடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பதை 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டுமான இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் வெளிப்படையாகச் சொல்லின.

பெரிய கட்டடங்களுக்கு நிலைமை சற்று மேல். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்பு வந்தால் 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவை. கட்டடமும் சாலையும் வரும் இடங்களில் மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துத் தனியே சேர்த்து, பின்னர் மரம் நடும்போது பயன்படுத்த வேண்டும் என்பது அதன் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறையும் மேல்மண் பாதுகாப்பைச் சொல்கிறது. எடுத்த மண்ணை 40 சென்டிமீட்டருக்கு மேல் குவிக்காதே என்றும், மண் வேலையை மழையில்லா மாதங்களில் வைத்துக்கொள் என்றும் கூறுகிறது. ஆனால் அது பரிந்துரை நூல். ஏதேனும் ஓர் அமைப்பு தன் அனுமதிக் கடிதத்தில் எடுத்தெழுதினால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

உண்மையில் இங்கே மண்ணரிப்பு விதிக்கு மிக அருகில் வருவது, மலையடிவாரத்தில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் அறிவிக்கப்பட்ட கிராமங்களில் நடக்கும் முறைதான். ஹாக்கா என்று பத்திர எழுத்தர்கள் முதல் தரகர்கள் வரை சொல்வது இதையே. அக்கிராமங்களில் வேளாண்மைப் பொறியியல் துறை மண்ணரிப்பு நோக்கில் இடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறது. அடிவாரத்தில் ஒரு கிராமம் பட்டியலில் இருக்க, அதற்குக் கீழே அதே ஓடை பாயும் சமவெளிக் கிராமத்தில் இப்பார்வை அறவே இல்லாதிருப்பது விந்தையே; தண்ணீர் பட்டியலைப் பார்த்து ஓடுவதில்லை.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஓர் இடைவெளி தெளிவாகத் தெரியும். தொடங்கும் முன் வரைபடத்தைப் பார்க்க ஆளிருக்கிறது. முடிந்த பின் சாலையையும் பூங்காவையும் தானப் பத்திரத்தில் வாங்கிக்கொள்ள உள்ளாட்சி இருக்கிறது. நடுவில், மண் உண்மையாகவே ஓடும் மாதங்களில், வந்து பார்க்கக் கடமைப்பட்டவர் யாரென்று எங்கும் எழுதப்படவில்லை. உள்ளாட்சி அளவில் ஒரு விதி வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அது நீளமாக இருக்க வேண்டியதில்லை. நாட்காட்டி மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

அந்த நாட்காட்டி சென்னைக்கு எழுதியதாக இருந்தால் இங்கே பயன்படாது. பாளையங்கோட்டை, நாங்குநேரி, திருச்செந்தூர்ப் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புரட்டாசிக்குள் வெறுமண் மூடப்பட்டுவிட வேண்டும், தை பிறந்த பிறகே அடுத்த வாரல் தொடங்க வேண்டும். தென்காசி, செங்கோட்டைப் பக்கமோ ஜூனிலேயே சாரல் தொடங்கிவிடும், அங்கே ஆண்டில் இருமுறை மூட வேண்டியிருக்கும். வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கம் ஆனி ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று, மழையே இல்லாமல் மண்ணைத் தூக்கிச் செல்லும். திசையன்விளை, சாத்தான்குளம் பகுதியின் தேரிச் செம்மணலைப் பனையும் முந்திரியும் உடையும் வைத்துத்தான் பிடித்துநிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே அங்கே மரத்தை வாரும் தேதியைக் காற்றுக்குப் பிறகு வைக்க வேண்டும். ஒரே மாநில விதியில் இவ்வளவையும் அடக்க இயலாது. ஊராட்சியோ நகராட்சியோ தன் தீர்மானத்தில் தேதியைக் குறித்து, தானப் பத்திரத்தை ஏற்கும் முன் வடிகாலிலும் ஓடைவாயிலும் படிந்த மண்ணை அள்ளித் தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையையும், அதற்கு ஈடாகத் திரும்பத் தரத்தக்க ஒரு பிணைத்தொகையையும் வைத்தால் பெருமளவு நடக்கும்.

ஐந்து சென்டில் தனிவீடு கட்டுபவருக்கு இவ்வளவும் வேண்டாம். அடித்தளத்துக்கு வானம் தோண்டிய மண்ணையும் எம்சாண்டையும் சாக்கடை ஓரத்தில் குவிக்காமல் மனைக்குள் மேட்டுப் பக்கம் குவித்து, தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் மணல் நிரப்பிய சாக்கை ஒரு வரிசை அடுக்கினாலே போதும்.

மனை வாங்கப் போகிறவர், விலை பேசும் முன் ஒருமுறை ஐப்பசி கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் அவ்விடத்தைப் போய்ப் பார்ப்பது நல்லது. தாழ்ந்த மூலையில் தண்ணீர் எந்த நிறத்தில் வெளியேறுகிறது, வடிகாலின் வாயில் எவ்வளவு மண் நிற்கிறது, புலப்படத்தில் காட்டிய ஓடை தரையில் இருக்கிறதா என்று பார்த்தாலே இடம் போட்டவரின் யோக்கியதை தெரிந்துவிடும். குளத்துக்குள் மண் வருவதைக் கண்ட பாசனக்காரர்கள் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். அம்மனுவில் குளத்தின் பெயரும், மண் வரும் நிலத்தின் சர்வே எண்ணும், மழை பெய்த தேதியும், அன்று எடுத்த படமும் இருந்தால் நீர்வளத்துறையும் வட்டாட்சியரும் எந்த இடத்தைப் போய்ப் பார்ப்பது என்று அலைய வேண்டியிருக்காது.